முகப்பேட்டின் மறுபக்கம்

நம் நாட்டில் அச்சான புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்து முகப்பேட்டைத் திருப்பினால், அதன் மறுபக்கத்தில் பொடியெழுத்தில் இரண்டொரு வரிகள் இருக்கக் காணலாம். அச்சுக்கூடத்தின் பெயரும், அது இருக்கும் வீதியும் ஊரும் ஒரு வரியில் இருக்கும். 'உரிமை ஆசிரியருடையது' என்றோ, பழைய புத்தகமானால் 'காப்பிரைட் ரிஜிஸ்டர்டு' என்றோ மற்றொரு வரியில் இருக்கும். கதையின் முதல் அத்தியாயத்தை நோக்கி விரைகிற வாசகர் இவ்வரிகளை ஏறெடுத்துப் பார்ப்பது அபூர்வம். ஆனால் முதல் வரி போலீஸாருக்காக ஏற்பட்டது. இரண்டாம் வரி பணப்பெட்டிக்காக ஏற்பட்டது. ஆட்சேபத்துக்குரியதாக ஏதேனும் அச்சேறிவிட்டால் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது சர்க்காருக்குத் தெரிந்திருக்கும்படி, அச்சிட்டவர் பெயரும் இடமும் இல்லாமல் எந்தப் புத்தகமும் வெளிவரலாகாதென்று 1867-ஆம் ஆண்டின் சட்டம் இந்தியாவில் விதித்தது. ஒன்று அச்சம் பற்றியது, மற்றொன்று ஆதாயம் பற்றியது. இரண்டுக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்று கேட்கத் தோன்றும். உறவு நெருக்கமானதுதான், இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பெற்ற தாய், லண்டன் நகரத்தில் புனித பால் தேவாலயத்தின் நிழலில் கடை வைத்திருந்த புத்தக வியாபாரிகளின் சங்கம்.

ஓலையில் எழுதிய காலத்தில் நூலைப் பிரதி செய்வது ஒரு கைங்கரியமாகவே எண்ணப்பட்டது. ஒருவன் ஒரு பெருநூலை எழுதி முடிப்பதற்குள் மாதங்கள் கழிந்துவிடுமாதலால், அவன் எழுதுவதைக் கண்டு அரசன் அஞ்சவுமில்லை, ஆசிரியன் அழவுமில்லை. ஐரோப்பாவில் மடாலயங்களில் அமர்ந்து பிரதி செய்த துறவிகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஈய எழுத்துகளும் அச்சுயந்திரமும் வந்து, ஒரே வாரத்தில் ஒரே பொய்யையோ ஒரே உண்மையையோ ஆயிரம் கைகளில் சேர்க்கக்கூடும் என்று ஆனபிறகுதான், அரசர்களுக்கும் மதாதிபதிகளுக்கும் உறக்கம் குறைந்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோது அவரை ஆதரித்த அரச குலம், அறுபது ஆண்டுகள் சென்று, எட்டாம் ஹென்றியின் காலத்தில், முன்னனுமதி பெறாமல் ஆங்கிலப் புத்தகம் எதுவும் அச்சிடலாகாதென்று 1538-இல் பிரகடனம் செய்யும் நிலைக்கு வந்தது. பிரகடனம் செய்வது எளிது. லண்டனின் இருண்ட சந்துகளில், மாடி அறைகளில், எந்த யந்திரம் நள்ளிரவில் எதை அச்சடிக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது? அரசாங்கத்துக்கு அத்தனை கண்களும் இல்லை, அத்தனை கால்களும் இல்லை.

கண்களும் கால்களும் உள்ள ஒரு கூட்டம் தானாகவே முன்வந்தது. புத்தகம் விற்பவரும் கட்டுபவரும் அச்சிடுபவரும் சேர்ந்த ஸ்டேஷனர்ஸ் சங்கம் என்பது அந்நகரத்தில் நெடுங்காலமாக இருந்து வந்த ஒரு தொழிற்சங்கம். 1557-ஆம் ஆண்டில் மேரி ராணியும் அவருடைய கணவர் பிலிப்பும் இச்சங்கத்துக்கு ஒரு சாசனம் வழங்கினார்கள். சாசனத்தில் பெயர் குறிக்கப்பெற்றவர் 97 பேர். இச்சங்கத்தைச் சேர்ந்தவரும், அரசரிடம் தனி உத்தரவு பெற்றவருமேயன்றி, ராஜ்யத்தில் வேறு எவரும் அச்சுத்தொழில் செய்யலாகாது. சந்தேகத்துக்குரிய எந்த வீட்டிலும் சங்கத்தார் புகுந்து தேடலாம். திருட்டுத்தனமாக அச்சிட்டதைப் பறிமுதல் செய்யலாம், எரிக்கலாம். குற்றவாளியைச் சிறையில் இடச் செய்யலாம். ராணியாருக்கு வேண்டியிருந்தது பிராடெஸ்டண்டு நூல்களின் ஒழிவு; வியாபாரிகளுக்கு வேண்டியிருந்தது போட்டியின் ஒழிவு. இரண்டு தரப்பாரும் வேறு வேறு நோக்கத்தோடு ஒரே கயிற்றின் இரு நுனிகளைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே மேரி இறந்து, அவருடைய சமயக்கொள்கைக்கு நேர்மாறான எலிஸபெத் பட்டத்துக்கு வந்தபோது, அவரும் 1559-இல் அதே சாசனத்தை உறுதி செய்தார். எரிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் மாறியதேயன்றி, எரிக்கும் அடுப்பு மாறவில்லை.

சங்கத்தின் மண்டபத்தில் ஒரு பெரிய பதிவேடு இருந்தது. ஓர் அங்கத்தினர் தம்மிடமுள்ள கையெழுத்துப் பிரதியைக் கொணர்ந்து, சிறு கட்டணம் செலுத்தி, தம் பெயரில் எழுதுவித்துக்கொண்டால், அதன்பின் மற்ற அங்கத்தினர் எவரும் அந்நூலைத் தொடக்கூடாது. அந்தப் பிரதிக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'காப்பி'. 'காப்பிரைட்' என்னும் சொல் அந்த ஏட்டின் மணம் இன்னும் மாறாத சொல். இந்த உரிமைக்குக் கால வரம்பு கிடையாது. நிலபுலன்களைப்போல் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும், விற்கப்படும், பங்கு போடப்படும், பெண்ணுக்குச் சீதனமாகக்கூடப் போகும். இவ்வளவு விவரமாக ஏற்பட்டிருந்த ஏற்பாட்டில் ஒருவருக்குமட்டும் இடமில்லை. அவர் நூலை எழுதியவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அப்பதிவேட்டில் தேடினால், அவற்றைப் பதிந்த புத்தகக் கடைக்காரர்களே உரிமையாளராக விளங்குவதைக் காணலாம். ஆசிரியர் ஒருமுறை பணம் பெற்றுக்கொண்டு வெளியேறியபின், தச்சனுக்கும் அவன் விற்ற நாற்காலிக்கும் எவ்வளவு சம்பந்தமோ அவ்வளவே அவருக்கும் தம் நூலுக்கும்.

சங்கத்துக்குள்ளும் எல்லாரும் சமமாக உண்டு களித்தார்கள் என்று எண்ணவேண்டா. நல்ல விலைபோகும் சரக்குகள், அதாவது பைபிள், சட்ட நூல்கள், பிள்ளைகளின் அரிச்சுவடி, ஆண்டுதோறும் வீடுதோறும் வாங்கப்படும் பஞ்சாங்கம் ஆகியவை, அரசரின் தனி உத்தரவு பெற்ற சிலர் கையில் சிக்கியிருந்தன. அரிச்சுவடி அச்சிடும் உரிமை ஜான் டே என்பவருடையதாக இருக்க, ரோஜர் வார்டு என்னும் ஏழை அச்சுக்காரர் அதைத் துணிந்து பதினாயிரம் பிரதிகள் அச்சிட்டு வழக்கில் மாட்டிக்கொண்டார். ஜான் வுல்ப் என்னும் மற்றொருவர், தனியொரு மனிதராக நின்று உலகத்தையே மாற்றிய லூதரோடு தம்மை ஒப்பிட்டுப் பேசி, இந்த ஏகபோகத்தை ஒழித்தே தீருவேன் என்று கர்ஜித்தார். அவருக்கு ஒரு பங்கு கொடுத்துச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அவர் சங்கத்தின் உத்தியோகஸ்தராகி, திருட்டு அச்சுக்கூடங்களை வேட்டையாடுவதில் பெயர் பெற்றார். புரட்சிக்காரர்களை அடக்க அரசாங்கங்கள் கையாளும் உபாயங்களில் இது மிகப் பழமையானதும் சிக்கனமானதும் ஆகும்.

1586-இல் 'நட்சத்திர மண்டபம்' என்னும் உயர் நியாயஸ்தலம் விலங்கை மேலும் இறுக்கியது. லண்டனுக்கு வெளியே ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஒவ்வோர் அச்சுக்கூடம் மட்டுமே இருக்கலாம். எந்த நூலையும் காண்டர்பரி அத்தியக்ஷரோ லண்டன் அத்தியக்ஷரோ பார்த்து ஒப்பிய பின்பே அச்சேற்றலாம். அத்தியக்ஷர்களின் இந்த அதிகாரத்தை இரண்டே ஆண்டுகளில் ஒரு முகமறியாத நபர் கேலிக்கூத்தாக்கினார். 'மார்ட்டின் மார்ப்ரிலேட்' என்னும் புனைபெயரில், திருச்சபைப் பெரியோரை நையாண்டி செய்யும் துண்டுப் பிரசுரங்கள் 1588 முதல் வெளிவரலாயின. அச்சுயந்திரமும் எழுத்துப் பெட்டிகளும் வண்டியில் ஏறி, அனுதாபமுள்ள கனவான்களின் கிராமாந்தர மாளிகைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்துகொண்டே இருந்தன. வாரிங்டன் என்னும் ஊரில் வண்டியிலிருந்து பெட்டியை இறக்குகையில் சில ஈய எழுத்துகள் தெருவில் சிதறின. வேடிக்கை பார்த்து நின்றவர்கள் 'இவை என்ன?' என்று வினவ, அச்சுக்காரர், துப்பாக்கிக்கு இடும் குண்டுகள் என்று சொல்லித் தப்பினார். அவர் சொன்னது முழுப் பொய் என்று அத்தியக்ஷர்கள் ஒப்பியிருக்கமாட்டார்கள். 1589-இல் மாஞ்செஸ்டர் அருகே அந்த யந்திரம் அகப்பட்டது. மார்ட்டின் யார் என்பது பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் விவாதிக்கின்றனர்.

தண்டனைகளின் கொடுமையை விரித்துரைக்க விருப்பமில்லை. நாடகத்தைக் கண்டித்து எழுதிய பிரின் என்னும் வக்கீல், அரசியையே நிந்தித்துவிட்டார் என்று கருதப்பட்டு, 1634-இல் காதுகளின் பகுதியை இழந்தார். 1637-இல் மறுபடியும் எழுதியதற்காக எஞ்சியதையும் இழந்து, கன்னத்தில் சூடும் இடப்பெற்றார். அதே 1637-இல் லண்டன் அச்சுக்கூடங்களின் எஜமானர் தொகை இருபதுக்கு மேற்படலாகாதென்று கட்டளை பிறந்தது. பிறகு முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் பகை முற்றி, 1641-இல் நட்சத்திர மண்டபமே ஒழிக்கப்பட்டபோது, அணை உடைந்தது. ஜார்ஜ் தாமஸன் என்னும் புத்தகக் கடைக்காரர் அன்றன்று வெளிவந்த துண்டுப் பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் இருபதாண்டுக் காலம் விடாமல் சேகரித்து வைத்தார். அவை ஏறக்குறைய 22,000. சுதந்திரத்தின் பெயரால் மன்னரோடு போரிட்ட பார்லிமெண்டு இவ்வெள்ளத்தைக் கண்டு தானும் நடுங்கி, 1643 ஜூன் மாதத்தில், மன்னர் செய்ததையே தன் பெயரால் செய்தது. முன்னனுமதி மீண்டும் வந்தது; ஸ்டேஷனர்ஸ் சங்கத்தார் மீண்டும் வீடு வீடாகத் தேடினார்கள்.

அப்பொழுதுதான் ஜான் மில்டன் வருகிறார். மனம் ஒவ்வாத தம்பதிகள் பிரிந்துபோவதை ஆதரித்து, அனுமதி பெறாமலே ஒரு நூல் வெளியிட்டு, குருமாரின் கோபத்தையும் சங்கத்தாரின் புகாரையும் சம்பாதித்திருந்த அவர், 1644 நவம்பரில் 'அரியோபாஜிட்டிகா' என்னும் பிரசங்க வடிவான சிறு நூலை வெளியிட்டார். அதுவும் அனுமதி பெறாதது. முகப்பில் அச்சிட்டவர் பெயர் இல்லை. ஆனால் ஆசிரியர் பெயர் தெளிவாக இருந்தது. நல்ல புத்தகத்தைக் கொல்வது மனிதனைக் கொல்வதற்குச் சற்றும் குறைந்ததன்று என்றும், உண்மையும் பொய்யும் வெளியரங்கில் மல்லுக்கு நின்றால் உண்மை தோற்றதாகச் சரித்திரமே இல்லை என்றும் அவர் வாதித்தார். இன்றைக்கு உலகமெங்கும் மேற்கோளாகும் அந்நூல், அன்று யாரையும் அசைத்ததாகத் தெரியவில்லை. சட்டம் அப்படியே இருந்தது. மில்டனிடத்திலும் ஒரு வரம்பு உண்டு; கத்தோலிக்கருக்கு அந்தச் சுதந்திரத்தை அளிக்க அவர் உடன்படவில்லை. மேலும், மன்னரைக் கொன்றபின் நடந்த குடியரசுக் காலத்தில், 1651-இல், அரசாங்கச் சார்பான செய்தித்தாள் ஒன்றுக்கு அனுமதி வழங்கும் அதிகாரியாக அவரே பணி புரிந்தார். மகாகவியின் சிறப்புக்கு இது குறைவென்று கூறுவாரும் உளர். எனக்கு அது அவரை மனிதராகக் காட்டுவதாகவே படுகிறது.

1660-இல் முடியாட்சி திரும்பிற்று. 1662-இல் அச்சுக்கூட அனுமதிச் சட்டம் பிறந்தது. சட்ட நூலுக்கு நீதிபதிகள், சரித்திர நூலுக்கு ராஜாங்கக் காரியதரிசி, வைத்தியத்துக்கும் தத்துவத்துக்கும் அத்தியக்ஷர்கள் என்று ஒவ்வொரு சாஸ்திரத்துக்கும் ஒரு காவலர் நியமிக்கப்பட்டனர். இவர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளராக அமைந்த ரோஜர் லெஸ்ட்ரேஞ்ஜ், தாமே ஓயாது எழுதிக் குவித்த பிரசுரகர்த்தா. எழுதுபவரையும் அச்சிடுபவரையும் மட்டுமன்றி, எழுத்து வார்ப்பவர், தச்சர், கொல்லர், புத்தகம் தைப்பவர், வண்டிக்காரர், படகோட்டி, தெருவில் கூவி விற்கும் பெண்கள், பாட்டுப் பாடித் திரிபவர் ஈறாகக் குற்றத்தில் பங்காளிகளாகக்கூடியவர் அனைவரையும் அவர் 1663-இல் ஒரு ஜாபிதாவாக எழுதினார். சிறு குற்றம் செய்தவன் தொப்பியில் நாடாவுக்குப் பதிலாகத் தூக்குக்கயிற்றைச் சுற்றிக்கொண்டோ, ஒரு காலில் நீலமும் ஒரு காலில் சிவப்புமாகக் காலுறை அணிந்தோ திரியவேண்டும் என்றும் யோசனை கூறினார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு அடுத்த செய்தியில் அடங்கிவிடும்.

அவ்வாண்டு அக்டோபரில் ஒரு நாள், விடியற்காலை நான்கு மணி அளவில், லெஸ்ட்ரேஞ்ஜ் ஆட்களுடன் சென்று, கிளாத் பேர் என்னும் பகுதியில் ஜான் ட்வின் என்பவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே யந்திரம் ஓடும் ஓசை கேட்டது. கதவு மட்டும் அரைமணி நேரம் திறக்கவில்லை. திறந்தபோது, கோத்துவைத்த எழுத்துப் பாரங்கள் அவசரமாகக் குலைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் மை உலராத தாள்கள் சில கையில் அகப்பட்டன. நீதி வழுவிய மன்னனை மக்கள் தண்டிக்கலாம் என்பது அத்தாள்களின் பொருள். மறு ஆண்டு பிப்ரவரியில் விசாரணை நடந்தது. தாம் ஓர் ஏழை என்றும், மூன்று சிறு குழந்தைகள் உண்டு என்றும், கூலிக்கு அச்சிட்டதேயன்றி அதைப் படிக்கவில்லை என்றும் ட்வின் மன்றாடினார். அவரிடம் பயிற்சி பெற்ற பையனே சாட்சி கூறினான். எழுதியவர் யார் என்று சொன்னால் உயிர் பிழைக்க வழியுண்டு என்று சிறையில் சொல்லப்பட்டபோது, ஒருவரைக் காட்டிக்கொடுப்பது தம் கொள்கையன்று என்றும், பலர் துன்புறுவதைவிட ஒருவன் துன்புறுவதே மேல் என்றும் கூறிவிட்டார். டைபர்னில் அவரைத் தூக்கிலிட்டு, உடலைக் கூறாக்கி, தலையை லட்கேட் வாயிலில் நட்டுவைத்தார்கள். கருத்துச் சுதந்திரத்தின் சரித்திரத்தை எழுதுவோர் மில்டனுக்கு ஓர் அத்தியாயமும் ட்வினுக்கு ஓர் அடிக்குறிப்பும் தருவது வழக்கம். அந்த அளவு எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

இச்சட்டத்தின் வாயில் வழியாகவே மில்டனின் பெருங்காவியமும் வெளிவர வேண்டியிருந்தது. சார்லஸ் மன்னரைக் கொன்றதை ஆதரித்து எழுதியவர், அந்நூல்கள் தூக்கிலிடுவோன் கையால் எரிக்கப்படக் கண்டவர், இப்போது கண் பார்வையும் இழந்தவர். அவருடைய 'இழந்த சுவர்க்கம்' காண்டர்பரி அத்தியக்ஷரின் காரியஸ்தரான தாமஸ் டாம்கின்ஸ் என்னும் குருவானவரின் மேசைக்குச் சென்றது. கிரகணம் மன்னர்களைக் கலக்கும் என்று பொருள்படும் ஓரிடத்தில் அவர் தயங்கினார் என்று மில்டனின் வரலாற்றாசிரியர் ஒருவர் சொல்கிறார். தயக்கம் தீர்ந்து அனுமதி கிடைத்தது. 1667 ஏப்ரல் 27-இல் சாமுவேல் சிம்மன்ஸ் என்னும் அச்சுக்காரரோடு ஒப்பந்தம் எழுதப்பட்டது: உடனே 5 பவுன், 1,300 பிரதி விற்றபின் மேலும் 5 பவுன், அடுத்த பதிப்புகளுக்கும் அவ்வாறே. மில்டன் பெற்றது 10 பவுன். அவர் இறந்தபின் அவருடைய விதவை எஞ்சிய உரிமை முழுவதையும் 1680-இல் 8 பவுனுக்கு எழுதிக் கொடுத்தார். சிம்மன்ஸிடமிருந்து 25 பவுனுக்குக் கைமாறி, பிறகு ஜேக்கப் டான்ஸன் என்னும் பெரும் பதிப்பாளரிடம் அது போய்ச் சேர்ந்தது. டான்ஸன் குடும்பம் தலைமுறைகளாக அதைக்கொண்டு செழித்தது. நூலின் உரிமை இவ்வாறு கைக்குக் கை போவதைத் தமிழர் அறியாதவரல்லர். பாரதியாரின் எழுத்துகளின் உரிமை பலர் கை மாறி, 1949-இல் சென்னை அரசாங்கத்தால் பெறப்பட்டு, பின்னர் பொதுச்சொத்தாக்கப்பட்டது. மில்டனுக்கு அப்படிக் கேட்பார் ஒருவரும் இல்லை.

அனுமதிச் சட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1695-இல் அது புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. இங்கிலாந்தில் முன்தணிக்கை அன்றோடு ஒழிந்தது. உலக சரித்திரத்தில் பெரிய நாட்களில் ஒன்று என்று சொல்லத்தக்க அந்நாள் எவ்வாறு வந்தது? மில்டனின் வாக்குவன்மையை யாரேனும் பொதுஜன சபையில் எடுத்தோதினரா? இல்லை. சட்டத்தை மறுத்து அச்சபையார் பிரபுக்கள் சபைக்கு அனுப்பிய காரணங்கள் பதினெட்டு; அவற்றுள் மனிதனுடைய சிந்தனா சுதந்திரம் என்பது ஒன்றாகக்கூட இடம்பெறவில்லை. ஸ்டேஷனர்ஸ் சங்கம் பணம் பறிக்கிறது. அயல்நாட்டிலிருந்து வரும் புத்தக மூட்டையைத் தணிக்கையாளர் முன்னிலையிலன்றிச் சுங்க அதிகாரி அவிழ்க்கலாகாது என்கிறது சட்டம், ஆனால் அவிழ்க்காமலே அது புத்தக மூட்டை என்று அவர் அறிவது எப்படி? இவ்விதமான குறைகளே அந்தப் பட்டியல். தத்துவஞானி ஜான் லாக், பார்லிமெண்டு அங்கத்தினரான தம் நண்பர் எட்வர்டு கிளார்க்குக்கு எழுதிய குறிப்புகளிலும் இந்தக் காரியசாமர்த்தியமே விளங்குகிறது. பேசுவதற்கு ஒருவன் பொறுப்பாளியாவதுபோல் அச்சிடுவதற்கும் பின்னால் பொறுப்பாளியாகட்டும், முன்னால் வாயை ஏன் கட்டுவது என்று அவர் ஒரு வரியில் கேட்டுவிட்டு, சங்கத்தாரின் ஏகபோகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். ஆயிரத்தேழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிசெரோவின் நூலை அச்சிட லண்டன் கடைக்காரர் ஒருவரிடம் உத்தரவு கேட்பது என்ன நியாயம்? ஹாலந்திலிருந்து வரும் திருத்தமான, மலிவான பதிப்புகளைத் தடுப்பது யாருக்கு நன்மை? அவருக்குச் சொந்த வருத்தமும் உண்டு. பிள்ளைகள் லத்தீன் கற்பதற்காக ஈசாப் கதைகளை அவர் ஒரு புது முறையில் வெளியிட எண்ணியபோது, ஈசாப் எங்களுக்குச் சொந்தம் என்று சங்கம் குறுக்கே நின்றது. மகத்தான கொள்கை சாதிக்காததைச் சுங்கச்சாவடியில் கிடந்த மூட்டை சாதித்தது.

விளைவு உடனே தெரிந்தது. பிரிஸ்டலிலும் ஷ்ரூஸ்பரியிலும் எக்ஸீட்டரிலும் அச்சுக்கூடங்கள் தோன்றின. 1702-இல் இங்கிலாந்தின் முதல் தினசரி வெளிவந்தது. அரசாங்கமும் கைகட்டி நிற்கவில்லை. ராஜநிந்தைச் சட்டம் இருந்தது; டேனியல் டிபோ 1703-இல் தம் நையாண்டிக்காகத் தண்டமரத்தில் பிணிக்கப்பட்டார். 1712 முதல் செய்தித்தாளுக்கு முத்திரை வரி வந்தது. எழுதுவதைத் தடுக்கமுடியாதவர்கள் வாங்குவதைத் தடுக்க முயன்றார்கள். இந்த உபாயங்கள் எல்லாம் கப்பலேறிப் பிற்காலத்தில் நம் நாட்டுக்கும் வந்தன என்பதை விரிக்கவேண்டியதில்லை.

சட்டம் ஒழிந்ததால் மெய்யாகவே அநாதையானவர்கள் ஸ்டேஷனர்ஸ் சங்கத்தார். அவர்களுடைய பதிவேட்டுக்குப் பின்பலமாக இருந்த வாள் போய்விட்டது. யார் வேண்டுமானாலும் எதையும் மறுபதிப்புச் செய்யலாம். தணிக்கையைத் திரும்பக் கொணரும்படி ஆண்டுதோறும் விண்ணப்பித்து அலுத்தபின், அவர்கள் சாமர்த்தியமாகக் குரலை மாற்றினார்கள். அதுவரை வாசற்படியில் நின்ற ஆசிரியரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நடுக்கூடத்தில் உட்காரவைத்து, 'ஐயோ, இவரும் இவர் குடும்பமும் திருட்டுப் பதிப்புகளால் பட்டினி கிடக்கலாமா?' என்று கண்ணீர் சிந்தினார்கள். பார்லிமெண்டு மனமிரங்கிற்று; ஆனால் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கவில்லை. ஆன் அரசியின் பெயரால் வழங்கும் சட்டம் 1710 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. கல்வியை ஊக்குவிப்பதே அதன் நோக்கமென்று தலைப்பே கூறிற்று. புதிய நூலின் உரிமை, அச்சாகிய நாள் முதல் 14 ஆண்டு. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் உரிமை அவரிடமே திரும்பி, மேலும் 14 ஆண்டு. முன்பே வெளிவந்த நூல்களுக்கு 21 ஆண்டு மட்டும். ஒன்பது பிரதிகள் புத்தகசாலைகளுக்குக் கொடுக்கவேண்டும். விலை அநியாயம் என்று எவரேனும் முறையிட்டால் அத்தியக்ஷர் முதலிய பெரியோர் அதைக் குறைக்கலாம் என்றும் ஒரு விதி இருந்தது. அவ்விதி முப்பதாண்டுகூட நிலைக்கவில்லை. உரிமை என்பது நூலை எழுதியவரிடம் பிறக்கிறது, அது ஒருநாள் முடிகிறது என்னும் இரண்டு கருத்துகளும் அச்சட்டத்தில்தான் முதன்முதல் ஒன்றாகச் சேர்ந்தன.

21 ஆண்டு கழிந்தது. ஷேக்ஸ்பியரும் மில்டனும் பொதுமக்களுக்கு உரியவராகிவிட்டனர் என்று சட்டப்புத்தகம் சொல்லிற்று. லண்டன் வியாபாரிகள் ஒப்பவில்லை. எழுதப்பட்ட சட்டம் என்னவாயினும், உழைப்பின் பயன் உழைத்தவனுக்கே என்றென்றும் உரியது என்பது அனாதியான பொதுச்சட்டம். ஆசிரியரிடம் அதை விலைக்கு வாங்கிய எங்களுக்கும் அது என்றென்றும் உரியது என்று அவர்கள் வாதாடி, 'இழந்த சுவர்க்கத்தை' அச்சிட்டவர்மேல் டான்ஸன் குடும்பத்தார் தடையுத்தரவும் பெற்றார்கள். அதே ஆண்டுகளில் மில்டனின் பேத்தி எலிஸபெத் பாஸ்டர் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்து வறுமையில் உழன்றுகொண்டிருந்தாள். 1750-இல் அவளுக்கு உதவியாக மில்டனின் 'கோமஸ்' நாடகத்தை டிரூரி லேன் அரங்கில் ஆடினார்கள். டாக்டர் ஜான்ஸன் முன்னுரைக் கவிதை எழுதினார். வசூலான தொகை 130 பவுன். அதில் 20 பவுன் டான்ஸன் கொடுத்தது. ஜான்ஸன் அதற்காக அவரை மனமாரப் புகழ்ந்திருக்கிறார், பெருமைக்குரிய செயல்தான். பாட்டனாரின் காவியத்துக்குப் பாட்டனாரும் அவருடைய விதவையும் பெற்ற மொத்தத் தொகை 18 பவுன் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் புகழுரையைப் படிக்கவேண்டும்.

வழக்கை முடிவுக்குக் கொணர்ந்தவர் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் டொனால்ட்ஸன். காலம் கடந்த நூல்களை மலிவாக மறுபதிப்புச் செய்வது அவருடைய தொழில். லண்டனிலேயே ஒரு கடை திறந்து, மற்றவர் விலையில் பாதிக்கும் சற்று மேலான விலையில் விற்றார். ஜேம்ஸ் தாம்ஸன் இயற்றிய 'பருவங்கள்' என்னும் கவிதை நூல் போர்க்களமாயிற்று. அதன் உரிமையை வாங்கியிருந்தவர் ஆண்ட்ரூ மில்லர். மில்டனின் 'அரியோபாஜிட்டிகா' 1738-இல் தாம்ஸனின் முன்னுரையோடு மறுபடி வெளிவந்ததும் இதே மில்லரின் கடையிலிருந்துதான் என்பது ஒரு வேடிக்கை. 1769-இல் மான்ஸ்பீல்டு பிரபுவின் நீதிமன்றம், உரிமை நிரந்தரமானது என்று மில்லர் பக்கமே தீர்ப்பளித்தது. மில்லர் அதற்கு முன்பே இறந்துவிட்டதால், ஏலத்தில் அவ்வுரிமையை பெக்கட் முதலியோர் 505 பவுனுக்கு எடுத்தனர். டொனால்ட்ஸன் அஞ்சாமல் அதே நூலை அச்சிட்டு, வழக்கைப் பிரபுக்கள் சபை வரையில் கொண்டுபோனார். 1774 பிப்ரவரியில் அங்கு நடந்த வாதத்தைக் கேட்க இடம் கிடையாமல் ஜனங்கள் திரும்பினார்கள். காம்டன் பிரபு எழுந்து, புகழே அறிஞர்களின் கூலி என்றும், ஐந்து பவுனை வாங்கிக்கொண்ட மில்டன் அதைத் தம் உழைப்பின் விலையாகக் கருதவில்லை என்றும், மெய்யான விலையைப் பின்வரும் தலைமுறைகள் தரும் என்று அறிந்திருந்தார் என்றும் பேசினார். வயிறு நிறைந்த பிரபு பேசுவதற்கு ஏற்ற பேச்சு. ஆனால் அவருடைய முடிவு சரியானதே. நிரந்தர உரிமை இல்லை என்று 22-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. ஏறக்குறைய இரண்டு லட்சம் பவுன் மதிப்புள்ள சொத்து ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போயிற்று என்று லண்டன் பத்திரிகை புலம்பிற்று. எடின்பரோவில் தெருவில் சொக்கப்பனை கொளுத்தினார்கள்.

டொனால்ட்ஸன் சேர்த்த செல்வம் அவருடைய மகன் ஜேம்ஸுக்குச் சென்று, அவர் நடத்திய பத்திரிகையால் மேலும் பெருகிற்று. ஜேம்ஸ் 1830-இல் இறந்தபோது, ஏழைக் குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு விடுதி கட்டும்படி அதில் பெரும்பகுதியை எழுதிவைத்திருந்தார். எடின்பரோவில் அரண்மனைபோல் எழும்பிய அக்கட்டடம் 1850-இல் திறக்கப்பட்டது. காது கேளாத குழந்தைகளும் அங்கே சேர்க்கப்பட்டு, எழுத்துப் படிக்கக் கற்றார்கள்.